அட்டையைச் சரிபார்க்கட்டும்; அரசும் கணக்குச் சொல்லட்டும்

“ரேஷன் கடையில எல்லாரும் விரல் வைக்கணுமாம். வைக்காதவங்க பேரை எடுத்துடுவாங்களாம்.” இந்தச் செய்தி ஊருக்குள் ஒரு விதமாகவும் சேரிக்குள் வேறு விதமாகவும் வந்து சேர்கிறது. ஊரில் அது ஒரு வேலை. சாயங்காலம் போய் முடித்துவிட்டு வரலாம். சேரியில் அது ஒரு பயம். யார் பெயரை எடுப்பார்கள், அரிசி நின்றுவிடுமா, கேட்கும் தாளுக்கு எங்கே அலைவது என்று வீட்டுக்கு வீடு அதே பேச்சுதான். இந்தப் பயத்தை அறியாமை என்று சொல்பவர்கள் உண்டு. நாங்கள் அப்படிச் சொல்ல மாட்டோம். சரிபார்க்க வந்தவர்கள் புதிதாகச் சேர்த்துவிட்டுப் போனதைவிட, இருந்ததை நீக்கிவிட்டுப் போனதைத்தான் நம் மக்கள் அதிகம் பார்த்திருக்கிறார்கள்.

சரிபார்ப்பே கூடாது என்பது எங்கள் கருத்தல்ல. இறந்தவர் பெயரில் அரிசி பதிவாகி, அது மூட்டையாகக் கடத்தப்படுமானால், அந்த மூட்டை நம் வயிற்றிலிருந்து போன மூட்டை. வசதியுள்ளவர் வீட்டில் முன்னுரிமை அட்டையும், குடிசையில் வாழும் விதவையிடம் முன்னுரிமையற்ற அட்டையும் இருக்குமானால் அதைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் யார் கணக்கை யார் பார்க்கிறார்கள், தவறு நேர்ந்தால் பட்டினி கிடப்பது யார் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்காமல் எந்தச் சரிபார்ப்பையும் நாம் வரவேற்க முடியாது.

அட்டையில் என்ன இருக்கிறது?

முதலில் நம் அட்டை எந்த வகை என்பதைத் தெரிந்துகொள்வோம். தமிழ்நாட்டில் அரிசி பெறும் அட்டைகள் மூன்று வகை. அந்தியோதயா அன்ன யோஜனா அட்டை, முன்னுரிமை அட்டை, முன்னுரிமையற்ற அட்டை. அட்டையின் மேல் பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய்., பி.எச்.எச்., என்.பி.எச்.எச். என்று குறியீடு இருக்கும். இவை தவிர, சர்க்கரை மட்டும் பெறும் அட்டையும் எந்தப் பொருளும் பெறாத அட்டையும் உண்டு.

முதல் இரண்டு வகையும் 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. அந்தியோதயா குடும்பத்துக்கு மாதம் 35 கிலோ தானியம். முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு 5 கிலோ. இது சட்டம் தந்த உரிமை. தமிழ்நாடு இச்சட்டத்தை 2016 நவம்பர் 1 முதல் நடைமுறைப்படுத்துகிறது. மூன்றாவது வகை அட்டைக்கு அரிசி தருவது மாநில அரசின் கொள்கை முடிவு. 2011 ஜூன் முதல் நம் மாநிலத்தில் அரிசி விலையில்லாமல் கிடைப்பதால், ‘எந்த அட்டையாக இருந்தால் என்ன, அரிசி வருகிறதே’ என்று பலர் இருந்துவிடுகிறார்கள். அங்கேதான் இழப்பு இருக்கிறது. தனியாக வாழும் ஒரு மூதாட்டியின் அந்தியோதயா அட்டை முன்னுரிமையற்றதாக மாற்றப்பட்டால், 35 கிலோ வாங்கிய இடத்தில் 12 கிலோதான் வாங்குவார். அட்டை பறிபோகவில்லை, வகைதான் மாறியது என்பார்கள். மாதம் 23 கிலோ குறைந்ததை அந்த ‘வகைதான்’ என்ற சொல் மறைத்துவிடும்.

குடும்ப அட்டை அரிசிக்கு மட்டும் உரியதும் அல்ல. பொங்கல் பரிசும் புயல் நிவாரணமும் இந்த அட்டையைக் காட்டித்தான் வருகின்றன. 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டமும் குடும்பம் எது என்பதை இந்த அட்டையை வைத்தே முடிவு செய்கிறது. பட்டா இல்லாத புறம்போக்கு வீட்டில் குடியிருப்பவருக்கு ‘நான் இந்த ஊர்க்காரன்’ என்று காட்ட இருக்கும் தாளும் பல நேரம் இது ஒன்றுதான். ஆகவே ஒரு பெயர் நீங்கும்போது ஐந்து கிலோவோடு நிற்பதில்லை.

சரிபார்ப்பு எந்தெந்த வழியில் வரும்?

முதல் வழி, கடையில் உள்ள கருவியில் கைரேகை. இதை இ-கேஒய்சி என்கிறார்கள். அந்தியோதயா, முன்னுரிமை அட்டைகளில் பெயருள்ள ஒவ்வொருவரும் ஆதாரோடு பொருந்தும்படி விரல் வைக்க வேண்டும். 2025 ஜூலையில் ஒன்றிய அரசு பொது விநியோகக் கட்டுப்பாட்டு ஆணையைத் திருத்தி, இதை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை செய்யச் சொல்லியிருக்கிறது. ஆகவே இது ஒரு முறையோடு முடிகிற வேலை அல்ல. இதற்குக் கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

இரண்டாவது வழி, வாங்காத அட்டைகளைப் பிரித்தெடுப்பது. அதே திருத்தத்தின்படி, தொடர்ந்து ஆறு மாதம் பொருள் வாங்காத அட்டை தற்காலிகமாக முடக்கப்படும். அதன்பின் மூன்று மாதத்துக்குள் வீட்டுக்கு வந்து ஆய்வு செய்து, கைரேகையும் பெற்று, தகுதி உண்டா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது வழி, வீடு தேடி வரும் கள ஆய்வு. அட்டையில் உள்ளவர்கள் இங்கேதான் இருக்கிறார்களா, இறந்தவர் பெயர் இருக்கிறதா, திருமணமாகிப் போன மகள் பெயர் இருக்கிறதா, வீடு எப்படிப்பட்டது, வண்டி உண்டா என்று கேட்பார்கள்.

நான்காவது வழி நம் கண்ணுக்குத் தெரியாதது. கணினியில் ஒரு பட்டியலோடு இன்னொரு பட்டியலைப் பொருத்திப் பார்ப்பது. 2025-இல் ஒன்றிய அரசு, வருமான வரி செலுத்துவோர், நான்கு சக்கர வாகனம் வைத்திருப்போர், நிறுவன இயக்குநர்கள் ஆகிய பட்டியல்களோடு நாடு முழுவதுமுள்ள குடும்ப அட்டைகளைப் பொருத்தி, ஏறக்குறைய 1.17 கோடிப் பேர் தகுதியற்றவர்களாக இருக்கக்கூடும் என்று மாநிலங்களுக்குப் பட்டியல் அனுப்பியது. ‘இருக்கக்கூடும்’ என்பதுதான் முக்கியம். அது சந்தேகப் பட்டியல், தீர்ப்பு அல்ல. நேரில் விசாரித்த பிறகே முடிவு எடுக்க வேண்டும்.

வலையில் சிக்குவது யார்?

இந்த நான்கு வழிகளும் காகிதத்தில் எல்லோருக்கும் ஒன்றுதான். நிலத்தில் அப்படி இல்லை.

ஆறு மாத விதியை எடுத்துக்கொள்வோம். தை பிறந்ததும் குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போய், ஆடி வாக்கில் திரும்பும் மக்கள் யார்? கரும்பு வெட்டப் போய் வயல் ஓரத்தில் கொட்டகை போட்டுத் தங்குபவர்கள் யார்? பெரும்பாலும் பட்டியல் சாதியினரும் இருளர் முதலான பழங்குடியினரும்தான். முன்பணம் வாங்கிக்கொண்டு போனவர்கள் நினைத்த நேரத்தில் ஊருக்கு வந்து அரிசி வாங்க முடியாது. அவர்கள் ஆறு மாதம் வாங்காமல் இருப்பது தேவை இல்லாததால் அல்ல, வர முடியாததால். தேவையற்றவரைக் கண்டுபிடிக்கப் போட்ட விதி, அதிகத் தேவை உள்ளவரைப் பிடிக்கிறது.

கைரேகையை எடுத்துக்கொள்வோம். சுண்ணாம்பு, சிமெண்ட், செங்கல், தோல், துப்புரவு என்று நம்மவர் செய்யும் வேலைகளெல்லாம் விரலைத் தேய்ப்பவை. கருவியில் நான்கு முறை வைத்தும் பதியாத விரல் சோம்பேறியின் விரல் அல்ல. உழைத்துத் தேய்ந்த விரல். அறுபது வயதைத் தாண்டிய பெண்களிடம் இது இன்னும் அதிகம். வரிசையில் நிற்கும் எல்லோர் முன்னாலும் “உனக்கு விழாது, தள்ளி நில்” என்று சொல்லும்போது, அடுத்த மாதம் அந்த அம்மா கடைக்கு வரவே கூசுகிறார்.

வருமான வரம்பை எடுத்துக்கொள்வோம். முன்னுரிமைக் குடும்பம் யார் என்பது பற்றி 2017 ஜூலையில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட விதிகளில், ஆண்டு வருமானம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் உள்ள குடும்பம், மூன்று அறை கொண்ட கான்கிரீட் வீடுள்ள குடும்பம், சொந்தப் பயன்பாட்டுக்கு நான்கு சக்கர வாகனம் வைத்திருக்கும் குடும்பம் போன்றவை விலக்கப்பட்டன. ஒரு கூலித் தொழிலாளி நாளுக்கு 350 ரூபாய் வீதம் ஆண்டில் 300 நாள் உழைத்தால் 1,05,000 ரூபாய். கணவன், மனைவி இருவரும் உழைத்தால் சொல்லவே வேண்டாம். அதாவது உழைப்பவன் உழைத்ததாலேயே ‘வசதியானவன்’ ஆகிவிடுகிறான். இந்த வரம்பை வைத்துக்கொண்டு யாரை வேண்டுமானாலும் நீக்கலாம், யாரை வேண்டுமானாலும் விடலாம். அந்த இடத்தில்தான் சாதியும் செல்வாக்கும் நுழைகின்றன. தாட்கோ கடனில் வாங்கிய சரக்கு வண்டியை ஓட்டிப் பிழைக்கும் இளைஞனின் வாகனம் பிழைப்புக்கானது. சொந்தப் பயன்பாட்டுக்கானது அல்ல. கணினிப் பட்டியலில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். விசாரிக்க வருபவரிடம் அதை எடுத்துச் சொல்ல வேண்டியது நாம்தான்.

பெண்களின் நிலை இன்னும் சிக்கல். திருமணமான பெண்ணின் பெயர் தாய் வீட்டு அட்டையிலிருந்து நீக்கப்பட்டு, புகுந்த வீட்டு அட்டையில் சேராமல் நடுவில் தொங்குவது வழக்கமாக நடக்கிறது. சாதி மறுப்புத் திருமணம் செய்தவர்களுக்கு இது தண்டனையாகவே மாறிவிடுகிறது. பெற்றோர் அட்டையில் மகளின் பெயர் இருக்கும். கடவுச்சொல் போகும் கைப்பேசி அப்பாவிடம் இருக்கும். பெயரை நீக்கித் தர மறுப்பார்கள். பெயர் நீங்காமல் புதிய அட்டைக்கு வழி இல்லை என்பார்கள். இப்படிச் சிக்கிய பெண்களும், கணவனைப் பிரிந்து வாழும் பெண்களும் வட்ட வழங்கல் அலுவலரிடம் நேரில் மனுக் கொடுத்து, கள விசாரணை செய்யும்படி கேட்க வேண்டும். ‘குடும்பத்தோடு சமாதானமாகிவிட்டு வா’ என்று சொல்லும் அதிகாரம் எந்த அலுவலருக்கும் இல்லை.

கடை இருக்கும் இடமும் ஒரு கேள்வி. சுகதேவ் தோரட், ஜோயல் லீ ஆகியோர் 2005-இல் வெளியிட்ட ஆய்வு, தமிழ்நாடு உட்பட ஐந்து மாநிலங்களின் 531 கிராமங்களில் திரட்டிய தகவல்களை வைத்து எழுதப்பட்டது. ரேஷன் கடையிலும் சத்துணவிலும் அளவிலும் நடத்தும் முறையிலும் தலித்துகள் பாகுபாட்டைச் சந்திப்பதை அது எடுத்துக் காட்டியது. இருபது ஆண்டுகள் போய்விட்டன, கருவி மாறியிருக்கிறது. கடை ஊர்த் தெருவில் இருக்க, காலனிக்காரர் முறை கடைசியில் வருவது எல்லா இடத்திலும் மாறிவிட்டதா என்று அவரவர் ஊரைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தவறு இரண்டு வகை

தகுதியில்லாதவர் பட்டியலில் இருப்பது ஒரு தவறு. தகுதியுள்ளவர் பட்டியலில் இல்லாமல் போவது இன்னொரு தவறு. அரசின் சரிபார்ப்பு முதல் தவறைத் தேடித்தான் வருகிறது. எத்தனை போலி அட்டைகள் நீக்கப்பட்டன, எத்தனை கோடி மிச்சம் என்று அறிவிப்பு வரும். தவறாக நீக்கப்பட்டவர் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் மீண்டும் சேர்க்கப்பட்டார்கள் என்று அறிவிப்பு வருவதில்லை.

ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடந்ததை நாம் மறக்கக் கூடாது. அங்கே ஆதாரோடு இணைக்காத அட்டைகள் கூட்டம் கூட்டமாக நீக்கப்பட்டன. 2017 செப்டம்பரில் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். அட்டை ரத்தானதால் மாதக்கணக்கில் அரிசி கிடைக்கவில்லை, பட்டினியால்தான் இறந்தாள் என்றது குடும்பம். மலேரியா என்றது அரசு. அச்சிறுமியின் தாய் தொடுத்த வழக்கில், ஏறக்குறைய மூன்று கோடி அட்டைகள் நாடெங்கும் ரத்து செய்யப்பட்டன என்ற குற்றச்சாட்டு மிகவும் தீவிரமானது என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கூறி, ஒன்றிய அரசிடம் விளக்கம் கேட்டது. அதே ஜார்க்கண்டில் பத்து மாவட்டங்களில் நீக்கப்பட்ட அட்டைகளைத் தேடிப் போய்ப் பார்த்த பொருளாதார ஆய்வாளர்கள், அவற்றில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது உண்மையான குடும்பங்களுடையவை என்று கண்டார்கள். போலி என்று நீக்கப்பட்ட வீட்டில் ஆள் இருந்தது, அடுப்பு இருந்தது, அரிசி மட்டும் இல்லை.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். நம் வீட்டில் யார் பிறந்தார், யார் இறந்தார் என்று ஒவ்வொரு விரலாகச் சரிபார்க்கும் அரசு, எந்த மாநிலத்தில் எத்தனை பேருக்கு உணவுச் சட்டத்தின் கீழ் தானியம் என்பதை இன்னும் 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்தே நடத்துகிறது. அதன்பின் பிறந்தவர்களும், அதன்பின் ஏழைகளானவர்களும் அந்த எண்ணிக்கைக்குள் இல்லை. நம் கணக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை சரியாக இருக்க வேண்டும். அரசின் கணக்கு பதினைந்து ஆண்டு பழையதாக இருக்கலாம் என்பது என்ன நியாயம்?

சட்டம் நம் பக்கம் எங்கே நிற்கிறது?

ஆதார் இல்லை என்பதற்காகத் தகுதியான குடும்பத்தின் அட்டையை நீக்கக் கூடாது, விரல் பதியவில்லை என்பதற்காகப் பொருளை மறுக்கக் கூடாது என்று ஒன்றிய உணவுத் துறையே 2017 அக்டோபரில் எல்லா மாநிலங்களுக்கும் எழுதியிருக்கிறது. கைரேகை ஒத்துப்போகாததால் யாருக்கும் பலன் மறுக்கப்படக் கூடாது என்பதை 2018 செப்டம்பரில் ஆதார் வழக்கின் தீர்ப்பிலும் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது.

அதற்கும் முன்பே, மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2001-இல் தொடுத்த உணவு உரிமை வழக்கில், ஆதரவற்ற முதியோர், விதவைகள், தனித்து வாழும் பெண்கள், மாற்றுத்திறனாளிகள், மிகவும் பின்தங்கிய பழங்குடிகள் ஆகியோருக்கு அந்தியோதயா அட்டை தர வேண்டும் என்று 2003 மே மாதம் உத்தரவிடப்பட்டது. நம் மாநிலத்தில் இருளர், காட்டுநாயக்கர், பணியர், குறும்பர், தோடர், கோத்தர் ஆகியோர் அந்தப் பழங்குடிப் பட்டியலில் உள்ளவர்கள். இவர்களில் யாரிடமாவது முன்னுரிமையற்ற அட்டை இருந்தால், சரிபார்ப்பின்போது முதலில் திருத்த வேண்டியது அதைத்தான்.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் சில கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. தகுதியுள்ள குடும்பங்களின் பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் குறைதீர்ப்பு அலுவலர் இருக்க வேண்டும். அவர் முடிவில் திருப்தி இல்லையெனில் மாநில உணவு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். உரிய தானியம் கிடைக்காமல் போனால் உணவுப் பாதுகாப்புப் படி என்ற பெயரில் பணமாகத் தரச் சொல்கிறது சட்டம். கடைகளின் செயல்பாட்டைச் சமூகத் தணிக்கை செய்யவும் சொல்கிறது. இந்தக் கதவுகளை யாரும் நமக்காகத் தட்ட மாட்டார்கள்.

நாம் செய்ய வேண்டியவை

அட்டையில் உள்ள ஒவ்வொரு பெயரையும் எழுத்துக்கு எழுத்து ஆதாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ‘மாரியம்மாள்’ ஓரிடத்தில், ‘மாரியம்மா’ இன்னோரிடத்தில் என்று இருந்தால் இப்போதே திருத்த மனுக் கொடுங்கள். குழந்தைகளுக்கு ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் ஆதாரில் கைரேகையைப் புதுப்பிக்க வேண்டும். செய்யாவிட்டால் கடைக் கருவியில் பொருந்தாமல் போகலாம்.

இறந்தவர் பெயரை நாமே முன்வந்து நீக்கிவிடுவது நல்லது. அந்தியோதயா அட்டையில் குடும்பத்துக்கு 35 கிலோ என்பதால் ஒரு பெயர் குறைந்தாலும் அளவு குறையாது. இறந்தவர் குடும்பத் தலைவர் என்றால், தலைவர் பெயரை மாற்றும்படியும் சேர்த்தே கேளுங்கள். மணமாகிப் போகும் மகளின் பெயரை நீக்கினால், நீக்கியதற்கான சான்றை வாங்கி அவள் கையில் கொடுத்தனுப்புங்கள்.

வெளியூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் அட்டையை வீட்டில் பூட்டிவைத்துவிட்டுப் போக வேண்டாம். ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ திட்டத்தில் 2020 அக்டோபரில் தமிழ்நாடு சேர்ந்தது. சூளைக்கு அருகிலுள்ள கடையிலும் கைரேகை வைத்து அரிசி வாங்கலாம். மாதம் ஒருமுறை வாங்கிவிட்டால் ஆறு மாத விதி நம்மைத் தொடாது. இ-கேஒய்சியையும் வேறு ஊர்க் கடைகளில் செய்ய வழி செய்யப்பட்டிருக்கிறது. ‘உன் ஊருக்குப் போ’ என்று திருப்பி அனுப்பினால் 1967 என்ற எண்ணை அழைத்துப் புகார் சொல்லுங்கள். 1800-425-5901 என்ற கட்டணமில்லா எண்ணும் உண்டு.

விரல் பதியாதவர்கள் கருவிழிப் பதிவு கேளுங்கள். நடக்க முடியாத முதியவர் தனக்குப் பதிலாகப் பொருள் வாங்க ஒருவரை நியமித்து ஒப்புதல் படிவம் கொடுக்கலாம். முதியோர், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கப்பட்டிருக்கிறது. அந்த வண்டி காலனிக்குள்ளும் வருகிறதா, ஊர் எல்லையோடு திரும்பிவிடுகிறதா என்று கவனியுங்கள்.

கள ஆய்வுக்கு வருபவரிடம் அவர் பெயரையும் பதவியையும் கேளுங்கள். கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்தோ விரல் ரேகையோ வைக்க வேண்டாம். வாங்காத பொருளுக்கு வாங்கியதாகக் குறுஞ்செய்தி வந்தால் அதை அழிக்காமல் வைத்திருங்கள். போலியைப் பிடிக்க அதைவிட நல்ல ஆதாரம் வேறில்லை, நாமும் சரிபார்ப்போம்.

பெயர் நீங்கிவிட்டால் வாய்ச்சொல்லோடு திரும்பாதீர்கள். வட்ட வழங்கல் அலுவலருக்கு எழுத்தில் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் பொது விநியோகக் குறைதீர் முகாமிலும், திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்திலும் அதே மனுவைக் கொடுங்கள். ‘என் பெயர் எந்த நாளில், யார் உத்தரவில், என்ன காரணத்தால் நீக்கப்பட்டது’ என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை

விடுதியில் தங்கிப் படிக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் பெயரும் அந்த அட்டையில் இருக்கிறது. நீங்கள் விரல் வைக்காததால் வீட்டில் ஐந்து கிலோ குறையக் கூடாது. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது உங்கள் வேலையை முடித்துவிட்டு, உங்கள் தெருவுக்கும் இரண்டு நாள் கொடுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வீட்டுக்கு வீடு போய், அட்டை எந்த வகை, எத்தனை பெயர், யார் யார் கைரேகை முடிந்தது, யாருக்குப் பதியவில்லை, யார் பெயர் விட்டுப்போனது என்று எழுதுங்கள். கணக்கெடுப்பு என்பது அதிகாரி வந்து நம்மை எழுதிக்கொண்டு போவது மட்டும் அல்ல. நம் தெருவின் கணக்கு நம் கையில் இருந்தால், கிராம சபையில் ‘இங்கே ஒரு தவறும் இல்லை’ என்று வாசிக்கும்போது எழுந்து நின்று மறுக்க முடியும். நீங்கள் படித்த படிப்பு உங்கள் அம்மாவுக்கு முதலில் பயன்படும் இடம் அதுவாக இருக்கட்டும்.

அரசிடம் நாங்கள் கேட்பது

ஒரு பெயரை நீக்குமுன் எழுத்தில் அறிவிப்பு கொடுங்கள். அது அந்த வீட்டுக்கு வந்து சேர வேண்டும். நீக்கப் போகும் பெயர்களின் பட்டியலைக் கடையில் மட்டுமல்லாமல் காலனியிலும் ஒட்டுங்கள். கிராம சபையில் வாசியுங்கள். பதில் சொல்ல அவகாசம் கொடுங்கள். விசாரணை முடியும்வரை அரிசியை நிறுத்தாதீர்கள். இடம்பெயர்ந்து போன குடும்பங்களுக்கு ஆறு மாத விதியை இயந்திரம்போலப் பொருத்தாதீர்கள். சூளைகளுக்கும் கரும்பு வயல்களுக்கும் கருவியைக் கொண்டுபோய்ப் பதிவு செய்யுங்கள். ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தீர்கள், வரவேற்கிறோம். அதனால் தெருவின் பெயர் மாறும்போது, முகவரி பொருந்தவில்லை என்று சொல்லி அங்கே வாழ்பவரின் அட்டையை அலைக்கழிக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு சரிபார்ப்பின் முடிவிலும் இரண்டு எண்களை வெளியிடுங்கள். எத்தனை பேரை நீக்கினீர்கள் என்பது ஒன்று. விடுபட்டுப்போன எத்தனை பேரைத் தேடிப் பிடித்துச் சேர்த்தீர்கள் என்பது இன்னொன்று. இரண்டாவது எண் பூஜ்யமாக இருக்குமானால், அதற்குச் சரிபார்ப்பு என்று பெயர் வைக்க வேண்டாம்.

அடுத்த கிராம சபையில் இதை ஒரு தீர்மானமாக எழுதிக் கொடுப்போம். நான்கு வரி போதும்: நீக்கும் முன் அறிவிப்பு, காலனியில் பட்டியல், விசாரணை முடியும்வரை அரிசி, இரண்டு எண்களும் பொதுவில். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் கையெழுத்துப் போடுவோம். தெரியாதவர்கள் விரல் வைக்கட்டும். கருவியில் பதியாத விரலும் தாளில் பதியும்.